22 பாகை, எந்தக் கதிரில்?

உமிச்சாம்பலை எக்ஸ் கதிரில் வைத்து, எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் திரும்பி வருகிறது என்று எடுத்த வரைபடத்தில் 22 பாகையை ஒட்டி ஒரு மேடு தெரியும். செப்பை இலக்காகக் கொண்ட எக்ஸ் கதிர்க் குழாயின் கதிரில் எடுத்தால்தான் 22. மொலிப்டினத்தில் எடுத்தால் அதே மேடு 10 பாகைக்கு இறங்கிவிடும், கோபாற்றில் எடுத்தால் 25க்கு மேலே ஏறிவிடும். சாம்பல் மாறவில்லை, அதற்குள் இருக்கும் சிலிக்காவும் மாறவில்லை. விழுந்த கதிரின் அலைநீளம் மட்டும்தான் மாறியது. ஆகவே "உச்சி 22 பாகையில்" என்று எழுதி, அலைநீளத்தை எழுதாமல் விட்டால், அதை அளவீடு என்று ஏற்றுக்கொள்ள என்னால் முடியாது.

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மருமகளின் கடைசி வருட ஆய்வுதான் இதை எழுத வைத்தது. சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கத்து அரிசி ஆலைகளில் உமி எரித்து மிஞ்சும் சாம்பலை அவள் சேகரித்தாள். அளவான வெப்பத்தில் எரிந்தால் சாம்பலில் உள்ள சிலிக்கா ஒழுங்கில்லாத நிலையிலேயே இருக்கும். அப்படிப்பட்ட சாம்பல் சீமெந்தோடு கலக்க நல்லது. வெப்பம் மிஞ்சினால் அதே சிலிக்கா கிறிஸ்டோபலைற்று என்ற பளிங்காக மாறும். அந்தத் தூசியை வருடக்கணக்கில் சுவாசித்தால் சுவாசப்பை கெடும், புற்றுநோயும் வரலாம். ஒழுங்கில்லாத சிலிக்கா 22 பாகையில் அகன்ற மேடாகத் தெரியும், கிறிஸ்டோபலைற்று ஏறக்குறைய அதே இடத்தில் ஊசிபோன்ற உச்சியாக நிற்கும். சாம்பல் அள்ளும் ஆட்கள் மூச்சோடு இழுப்பது எதை என்று அந்த ஒரு வரைபடம் சொல்லிவிடும். அதனால் இது எனக்கு வெறும் படிப்பு விடயம் இல்லை.

மாதிரிகளை வேறு மாவட்டத்து ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பி எடுத்திருந்தார்கள். வந்த தாளில் கிடையச்சில் "பாகை" என்று மட்டும் இருந்தது.

"மாமா, கட்டுரையில இருக்கிற எண்ணும் எங்கட எண்ணும் ஒத்துவருகுதில்ல. எங்கட சாம்பல்ல ஏதும் பிழையா?"

"சாம்பல்ல பிழையில்ல புள்ள. எந்தக் கதிரில எடுத்தவங்க எண்டு கேட்டியா?"

"அது போடல்லயே."

"அப்ப முதல்ல அதக் கேளு. மறுகா ஒப்பிடுவம்."

கேட்டதும் பதில் வந்தது. இவர்களுடையது செப்பு, அவள் ஒப்பிட்ட கட்டுரையில் கோபாற்று. இரண்டையும் தள இடைத்தூரமாக, அதாவது பளிங்குக்குள் அடுத்தடுத்த அணுத்தளங்களுக்கு இடையிலான தூரமாக, மாற்றிப் பார்த்தபோது ஆங்ஸ்ட்ரோம் என்ற மிகச் சிறிய நீள அலகில் இரண்டும் 4.04க்குப் பக்கத்தில் வந்து நின்றன. அவள் நிம்மதியாகப் போய்விட்டாள், என் யோசனைதான் அங்கிருந்து நீண்டது. மீற்றரும் அடியும் போலப் பார்த்தவுடனே வேறென்று தெரியும் அலகுகளால் பெரிய ஆபத்தில்லை, மாற்றிக்கொள்ளலாம். ஒரே பெயரைப் போட்டுக்கொண்டு உள்ளே வேறாக இருக்கும் அலகுகள்தான் ஆளை ஏமாற்றுபவை. எக்ஸ் கதிர்ப் பளிங்கியல் அப்படியான ஒன்றோடு பல வருடங்கள் வாழ்ந்தது. அந்த வரலாறு எங்கள் உயர்தரப் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதில் வரும் கணக்கு முழுவதும் அவர்கள் ஏற்கெனவே படித்ததுதான்.

1912இல் மியூனிக்கில் மாக்ஸ் வொன் லாவேயின் எண்ணத்தைப் பின்பற்றி பிரீட்ரிக்கும் நிப்பிங்கும் ஒரு செப்புச் சல்பேற்றுப் பளிங்கினூடாக எக்ஸ் கதிரைச் செலுத்தி, ஒளிப்படத் தட்டில் புள்ளிகளைப் பிடித்தார்கள். அடுத்த வருடமே இங்கிலாந்தில் பிராக் தகப்பனும் மகனும் அந்தப் புள்ளிகளை அளவீடாக மாற்றினார்கள். அவர்களுடைய சமன்பாடு நாங்கள் எல்லோரும் எழுதியதுதான்: தள இடைத்தூரத்தின் இரண்டு மடங்கை கோணத்தின் சைனால் பெருக்கினால் அலைநீளம், அல்லது அதன் முழுவெண் மடங்கு. கோணத்தை அளக்கலாம். இடைத்தூரம் தெரிந்தால் அலைநீளம் வரும், அலைநீளம் தெரிந்தால் இடைத்தூரம் வரும். ஆனால் 1913இல் இரண்டுமே யாருக்கும் தெரியாது. ஒரு சமன்பாடு, தெரியாதவை இரண்டு.

அதை உடைத்தது கறியுப்பு. சோடியம் குளோரைட்டில் சோடியம் அயனும் குளோரைட்டு அயனும் சதுரங்கப் பலகைபோல முப்பரிமாணத்தில் மாறி மாறி நிற்கின்றன என்று மகன் பிராக் கண்டுகொண்டார். அப்படியென்றால் ஒவ்வொரு அயனுக்கும் ஒரு சிறு கனவுரு இடம். இனி உயர்தரக் கணக்கு. ஒரு மூல் உப்பின் திணிவு 58.44 கிராம், அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 2.165 கிராம், ஆகவே ஒரு மூலின் கனவளவு ஏறக்குறைய 27 கன சென்ரிமீற்றர். அதை அவகாதரோ எண்ணின் (ஒரு மூலில் உள்ள துணிக்கைகளின் எண்ணிக்கையின்) இரண்டு மடங்கால் வகுத்தால் ஓர் அயனின் இடம் கிடைக்கும். அதன் கனமூலம்தான் பக்கத்து அயன்களுக்கு இடையிலான தூரம். இன்றைய அவகாதரோ எண்ணைப் போட்டால் 2.820 ஆங்ஸ்ட்ரோம் வரும். ஓர் ஆங்ஸ்ட்ரோம் என்பது மீற்றரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. தராசும் அடர்த்திக் குடுவையும் வைத்துக்கொண்டு அணுக்களுக்கு இடையிலான தூரத்தை இப்படி எட்டிப் பிடித்தது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். வகுப்பில் இந்தக் கணக்கைச் செய்துகாட்டும் நாளில் பின்வாங்கிலும் சத்தம் இருக்காது.

ஆனால் அந்தக் காலத்து அவகாதரோ எண்ணைப் போட்டால் 2.820 வராது. 2.814 என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். வித்தியாசம் 0.2 சதவீதம். பழைய பாடநூல்களில் இன்றைக்கும் 2.814 ஆங்ஸ்ட்ரோம் என்ற எண்ணைப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் சுவீடனைச் சேர்ந்த மன்னே சீக்பான் வருகிறார். எக்ஸ் கதிர் நிறமாலையியலுக்காக 1924ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு பெற்றவர். அவருடைய கருவிகள் இரண்டு அலைநீளங்களுக்கு இடையிலான விகிதத்தை ஐந்து ஆறு இலக்கத் திருத்தத்துடன் தந்தன. அவகாதரோ எண்ணிலோ மூன்றாவது இலக்கமே சந்தேகம். விகிதம் அவ்வளவு திருத்தம், உண்மையான நீளம் மட்டும் மங்கல். அவர் எடுத்த முடிவு மிகவும் நேர்மையானது என்று நான் மதிக்கிறேன். ஆங்ஸ்ட்ரோம் என்று எழுதாமல், தனக்கென ஓர் அலகை வைத்துக்கொண்டார். அதுதான் எக்ஸ் அலகு. 18 பாகை செல்சியசில் கல்சைற்றுப் பளிங்கின் பிளவுத் தளங்களின் இடைத்தூரம் 3029.04 எக்ஸ் அலகு என்பது அதன் வரையறை. ஆயிரம் எக்ஸ் அலகு ஒரு கிலோ எக்ஸ். அது ஓர் ஆங்ஸ்ட்ரோமுக்கு மிகக் கிட்ட இருக்கும், ஆனால் ஓர் ஆங்ஸ்ட்ரோம்தான் என்று அவர் சத்தியம் செய்யவில்லை.

எங்கள் ஊரில் சூடடித்து முடிந்து களத்தில் பொலி அளப்பதை நினைத்துப் பாருங்கள். காணிக்காரரான போடியார் வீட்டு மரைக்கால் (நெல் அளக்கும் படி) கொஞ்சம் சின்னதாக இருக்கலாம். முழுப் பொலியையும் அதே மரைக்காலால் அளக்கும்வரை போடியாருக்கும் வயலில் வேலை செய்த முல்லைக்காரருக்கும் உரிய பங்கு சரியாகவே பிரியும். பிரச்சினை தொடங்குவது அந்த மரைக்காலால் அளந்த எண்ணை இன்னொரு ஊர் மரைக்கால் எண்ணோடு சேர்த்துக் கூட்டும்போதுதான்.

பளிங்கியலில் நடந்ததும் அதுதான். சீக்பான் கவனமாக வேறு பெயர் வைத்தார். பலர் கவனிக்கவில்லை. அவருடைய அட்டவணையிலிருந்து அலைநீளத்தை எடுத்து, ஆயிரத்தால் வகுத்து, பக்கத்தில் "ஆங்ஸ்ட்ரோம்" என்று எழுதினார்கள். 1920களிலும் 1930களிலும் வெளிவந்த எண்ணற்ற பளிங்கு அமைப்புகளின் சாலக மாறிலிகள், அதாவது பளிங்கில் திரும்பத் திரும்ப வரும் கலத்தின் பக்க நீளங்கள், அப்படி அச்சானவை. அலகின் பெயர் ஒன்று, உள்ளே இருந்த நீளம் வேறொன்று.

சரி, அந்த 0.2 சதவீதம் எங்கிருந்து வந்தது? பளிங்கிலிருந்து அல்ல, எண்ணெய்த் துளியிலிருந்து. றொபேட் மிலிக்கன் இலத்திரனின் ஏற்றத்தை அளந்த பரிசோதனை உயர்தரப் பாடத்திட்டத்தில் உள்ளதுதான். துளி வளியில் விழும் வேகத்தைப் பார்த்து அதன் பருமனைக் கணிக்க வேண்டும், அதற்கு வளியின் பாகுநிலை தெரிந்திருக்க வேண்டும். அவர் பயன்படுத்திய பாகுநிலைப் பெறுமானம் உண்மையை விடச் சற்றுக் குறைவு. அதனால் ஏற்றம் 0.6 சதவீதம் குறைவாக வந்தது. பரடே மாறிலியை (ஒரு மூல் இலத்திரன்களின் மொத்த ஏற்றத்தை) அந்த ஏற்றத்தால் வகுத்தால்தான் அவகாதரோ எண், ஆகவே அது 0.6 சதவீதம் கூடியது. எண் கூடினால் ஒவ்வோர் அயனுக்கும் கிடைக்கும் கனவளவு குறையும். நீளம் அந்தக் கனவளவின் கனமூலம் என்பதால் வழு மூன்றிலொன்றாகச் சுருங்கும்: 0.2 சதவீதம். வளியின் பாகுநிலையில் இருந்த ஒரு பிசகு உப்புப் பளிங்கின் அளவு வரைக்கும் போய்ச் சேர்ந்த பாதை இது. அலகுகள் ஒன்றில் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கின்றன என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அதைக் கண்டுபிடித்த விதம் இன்னும் அழகு. 1925இல் அமெரிக்காவில் கொம்ப்டனும் டோனும் பளிங்கை விட்டுவிட்டு, சாதாரண நெய்யரியால் (சம இடைவெளியில் நெருக்கமாகக் கோடு கீறிய தட்டால்) எக்ஸ் கதிரின் அலைநீளத்தை அளந்தார்கள். நெய்யரியில் கோடுகளுக்கு இடையிலான தூரத்தை நுணுக்குக்காட்டியிலேயே பார்க்கலாம், மீற்றரோடு நேரடியாகத் தொடுக்கலாம். எக்ஸ் கதிரின் அலைநீளமோ அந்தத் தூரத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு சின்னது. ஆனால் கதிரை மேற்பரப்பை உரசிக்கொண்டு போவதுபோல மிகச் சாய்வாக விட்டால், கோணத்தை அளக்கக்கூடிய அளவுக்குக் கோணல் (கோடுகளில் பட்டுக் கதிர் வளைந்து விரிவது) தெரியும். எக்ஸ் கதிருக்குத் திண்மங்களின் முறிவுச் சுட்டி ஒன்றைவிட மயிரிழை குறைவு என்பதால் அந்தச் சாய்வில் கதிர் உள்ளே போகாமல் முழுமையாகத் தெறிக்கவும் செய்யும். பின்னர் உப்சாலாவில் பெக்லினும் அமெரிக்காவில் பியடனும் அதே வழியில் திருத்தமாக அளந்தபோது, பளிங்கு சொன்ன அலைநீளத்தைவிட நெய்யரி சொன்னது ஏறக்குறைய 0.2 சதவீதம் கூடவே வந்தது. நெய்யரி முறையில் குறை என்றார்கள் சிலர், உண்மையான பளிங்குகள் கணக்கில் சொல்வதுபோல ஒழுங்கானவை அல்ல என்றார்கள் வேறு சிலர். வளியின் பாகுநிலையைச் சந்தேகிக்க வேண்டும் என்று ஜப்பானியரான ஷிபா 1930களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார். பாகுநிலையை மறுபடி அளந்து பார்த்தார்கள். இலத்திரனின் ஏற்றம் (நிலைமின் அலகில், பத்தின் −10ஆம் அடுக்கு மடங்காக) 4.774இலிருந்து 4.80க்கு ஏறியது, நெய்யரிக்கும் பளிங்குக்கும் இடையிலான சண்டை தீர்ந்தது. துளியை வைத்து அளந்தவர்களை எக்ஸ் கதிரை வைத்து அளந்தவர்கள் திருத்தினார்கள்.

1947இல் ஒரு கிலோ எக்ஸ் 1.00202 ஆங்ஸ்ட்ரோம் என்ற மாற்றுக் காரணி ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதை அறிவித்தவர் மகன் பிராக்தான். தன்னுடைய பழைய எண்ணை இன்னொரு தலைமுறையின் அளவீடு திருத்துவதை அவர் வாழ்நாளிலேயே பார்த்து, அந்தத் திருத்தத்தைத் தானே அறிவிக்கவும் செய்தார்.

இது பழங்கதை என்று நினைத்துவிட வேண்டாம். பழைய கட்டுரைகளின் எண்கள் அட்டவணைகளிலும் பாடநூல்களிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு பழைய கட்டுரையில் ஆங்ஸ்ட்ரோம் என்று எழுதியிருந்தால் அது உண்மையில் எது என்று அறிய ஒரு வழி இருக்கிறது. அவர்கள் போட்ட அலைநீளத்தைப் பாருங்கள். செப்புக் குழாய் வெளிவிடும் மிகச் செறிவான அலைநீளமான கே-அல்பா-ஒன்று கோடு 1.5374 என்று இருந்தால் அது கிலோ எக்ஸ். 1.5406 என்று இருந்தால் ஆங்ஸ்ட்ரோம். அலைநீளமே போடாத கட்டுரை என்றால் காப்பாற்ற வழியில்லை. என் மருமகளுக்கு வந்த தாளைப் பார்த்து நான் கோபப்பட்டதன் காரணம் இதுதான். எண்பது வருடங்களுக்கு முந்திய ஆட்கள் பட்ட பாடு, ஒரு வரி எழுதாததால் திரும்ப வருகிறது.

1947க்குப் பிறகும் எல்லாம் நேராகிவிடவில்லை. மேலும் திருத்தமாக அளக்க அளக்க, செப்புக் கோட்டை வைத்து வரையறுத்த எக்ஸ் அலகும் மொலிப்டினக் கோட்டை வைத்து வரையறுத்த எக்ஸ் அலகும் ஆறாவது இலக்கத்துக்குப் பக்கத்தில் பிரிந்தன. ஒரே பெயரில் இரண்டு அலகு. பியடன் 1960களில் தங்குதனின் ஒரு கோட்டை 0.2090100 நட்சத்திர ஆங்ஸ்ட்ரோம் (Å*) என்று நிர்ணயித்து இன்னொரு அளவுகோலையும் வைத்துப் பார்த்தார். நிரந்தரமான விடை வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1965இல் போன்சேயும் ஹார்ட்டும் ஒரே சிலிக்கன் பளிங்கிலிருந்து எக்ஸ் கதிர்த் தலையீட்டுமானி (ஒரு கதிரைப் பிரித்து மறுபடி சேர்த்து, அலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதைக் கொண்டு அளக்கும் கருவி) செய்தார்கள். பளிங்கின் ஒரு பகுதியை மெல்ல நகர்த்தினால், ஒவ்வொரு அணுத்தளம் கடக்கும்போதும் ஒரு தலையீட்டு வரி கடக்கும். அதே நகர்வை லேசர் ஒளியாலும் அளந்தால், அணுத்தளத்தை நேரே மீற்றரோடு கட்டிவிடலாம். 1973இல் டெஸ்லாட்ஸும் ஹெனின்ஸும் அதைச் செய்துகாட்டினார்கள். உப்பும் அவகாதரோ எண்ணும் இனி நடுவில் தேவையில்லை.

அதற்குப் பிறகு கணக்கே தலைகீழானது. 1913இல் பளிங்கின் இடைத்தூரத்தை அறிய அவகாதரோ எண்ணைக் கடன் வாங்கினார்கள். இந்த நூற்றாண்டில் சிலிக்கன் பளிங்கின் இடைத்தூரத்தை வைத்து அவகாதரோ எண்ணையே அளந்தார்கள். ஏறத்தாழ முழுக்க சிலிக்கன்-28 ஆல் ஆன, ஒரு கிலோகிராம் எடையுள்ள கோளங்களைக் கடைந்து, அவற்றின் கனவளவையும் சாலக மாறிலியையும் திணிவையும் அளந்து அணுக்களை எண்ணினார்கள். 2019 மே 20 அன்று அவகாதரோ எண் 6.02214076 ஐப் பத்தின் 23ஆம் அடுக்கால் பெருக்கிய பெறுமானமாக நிலைநிறுத்தப்பட்டபோது, அந்த இலக்கங்களுக்குள் பளிங்கியலாளரின் உழைப்பும் இருந்தது. சிலிக்கனின் சாலக மாறிலி இன்று 5.4310205 ஆங்ஸ்ட்ரோம் என்று எட்டு இலக்கம்வரை தெரியும்.

ஆங்ஸ்ட்ரோமை இன்னும் பயன்படுத்தலாமா என்ற வாதமும் அவ்வப்போது எழும். அது சர்வதேச அலகு முறையைச் சேர்ந்தது அல்ல. 2019இல் வந்த சர்வதேச அலகு முறைக் கையேட்டில் அதற்கு இடமில்லை. சில இரசாயனவியல் சஞ்சிகைகள் பைக்கோமீற்றர் கேட்கும், பொருள் விஞ்ஞானிகள் நனோமீற்றர் எழுதுவார்கள், சர்வதேசப் பளிங்கியல் ஒன்றியத்தின் சஞ்சிகைகளில் ஆங்ஸ்ட்ரோமே ஓடுகிறது. என்னைக் கேட்டால் இதில் சண்டை பிடிக்க ஒன்றுமில்லை. காபன்–காபன் பிணைப்பை 1.54 ஆங்ஸ்ட்ரோம் என்றாலும் 154 பைக்கோமீற்றர் என்றாலும் 0.154 நனோமீற்றர் என்றாலும் தசமப் புள்ளிதான் நகர்கிறது, ஓர் இலக்கமும் தொலையவில்லை. பெயர் வெளிப்படையாக வேறு, அதனால் ஏமாற இடமில்லை.

என்னை உறுத்துவது வேறு. அணுக்களின் அதிர்வைக் குறிக்கப் புரதப் பளிங்கியலாளர் பீ என்ற பெறுமானத்தை எழுதுகிறார்கள், சிறு மூலக்கூறுக்காரர் யூ எழுதுகிறார்கள். இரண்டுக்கும் அலகு ஆங்ஸ்ட்ரோமின் வர்க்கம்தான். ஆனால் பீ என்பது யூவின் 79 மடங்கு, துல்லியமாகச் சொன்னால் எட்டுப் பை வர்க்க மடங்கு. அலகை ஒழுங்காக எழுதினாலும் எந்தக் கணியம் என்று எழுதாவிட்டால் படிப்பவர் விழுந்துவிடுவார். தூள் வரைபடத்தில் எழுதியிருப்பது பிராக் சமன்பாட்டின் கோணமான தீற்றாவா, அதன் இரண்டு மடங்கான இரண்டு தீற்றாவா என்பதும் இதே வகை (நான் எழுதும் 22 போன்ற பாகைகள் இரண்டு தீற்றா). வெப்பநிலையும் அப்படித்தான்: உப்பு சூட்டில் விரியும், ஆகவே எந்த வெப்பநிலையில் எடுத்தது என்று சொல்லாத சாலக மாறிலிக்கு நான்காவது தசமத்தில் பொருள் இல்லை. மட்டக்களப்பில் மே மாத வெக்கையில் குளிரூட்டி நின்றுபோன அறையும் சீக்பானின் 18 பாகையும் ஒன்றல்ல.

பளிங்கியல் தகவல் கோப்பு என்ற பொது வடிவம் 1991இல் வந்தது பெரிய உதவி. அதில் ஒவ்வொரு பெயருக்கும் அலகு அகராதியிலேயே கட்டப்பட்டிருக்கிறது: கலத்தின் நீளம் என்றால் ஆங்ஸ்ட்ரோம், வெப்பநிலை என்றால் கெல்வின், அமுக்கம் என்றால் கிலோபஸ்கால். எழுதுபவர் எண்ணை மட்டும் போட்டால் போதும். அலைநீளத்துக்கும் தனி இடம் உண்டு. ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் கைக்கு வருவது பெரும்பாலும் அந்தக் கோப்பு அல்ல, அச்சடித்த படம். படத்தில் அகராதி இல்லை. அதனால் மாதிரி அனுப்பும்போதே எழுத்தில் கேளுங்கள்: எந்தக் குழாய், கே-அல்பா-ஒன்றோடு ஒட்டிவரும் கே-அல்பா-இரண்டு கோடு நீக்கப்பட்டதா, அறை வெப்பநிலை என்ன, படத்தோடு எண் கோப்பும் கிடைக்குமா. அனுப்பியவருக்கு இதைக் கேட்கும் உரிமை உண்டு. கேட்டால் தருகிறார்கள் என்பதை இந்த முறை கண்டோம்.

அடுத்த தொகுதிச் சாம்பலோடு கொஞ்சம் தூய சிலிக்கன் தூளையும் கலந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். செப்புக் கதிரில் சிலிக்கனின் முதல் உச்சி 28.44 பாகையில் நிற்க வேண்டும். அது எவ்வளவு விலகி நிற்கிறதோ, அதை வைத்தே கிறிஸ்டோபலைற்று உச்சியையும் திருத்திக்கொள்ளலாம். சான்றிதழ் பெற்ற சிலிக்கன் தூள் எங்கள் வரவுசெலவுக்கு எட்டாத விலை. கிழக்கில் யாரிடமாவது ஒரு சிட்டிகை இருந்தால், அல்லது எங்கே கேட்கலாம் என்று தெரிந்தால், சொல்லுங்கள். மாசிக்குப் பிறகு பெரும்போக நெல் ஆலைகளுக்கு வரத் தொடங்கும், உமியும் எரியத் தொடங்கும். அதற்கு முன்னர் தூள் கையில் இருந்தால் நல்லது.